பிரிட்டனில் பண்டிகைகளும் குடும்ப விசேஷங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லீட்ஸ் நகருக்குக் குடிவந்து இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. ஊரிலிருந்து புதிதாக வரும் செவிலியர்கள், மாணவர்கள், இளம் தம்பதியர் என்று யார் எங்கள் வீட்டுக்கு வந்தாலும், வீசா, வாடகைப் பேச்சு முடிந்ததும் இந்தக் கேள்விகள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் சொன்ன பதில்களை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

மதுரையில் வளர்ந்த எனக்கு, முதல் இரண்டு ஆண்டுகள் இந்த நாட்டில் பண்டிகையே இல்லை என்றுதான் தோன்றியது. வாசலில் கோலம் கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது, தட்டு நிறையப் பலகாரத்துடன் யாரும் கதவைத் தட்டுவதும் கிடையாது. பண்டிகை கதவுக்குப் பின்னால் நடக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது. அழைத்தால் உள்ளே போகலாம். அழைப்பு எப்படி வரும், அதற்கு எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

இங்கே ஆண்டுக்கு எத்தனை பொது விடுமுறை? அதை ஏன் 'பேங்க் ஹாலிடே' என்கிறார்கள்?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வழக்கமாக எட்டு நாள். ஸ்காட்லாந்தில் ஒன்பது, வட அயர்லாந்தில் பத்து. 1871இல் சர் ஜான் லப்பக் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் கொண்டுவந்த சட்டம் வங்கிகளுக்குச் சில நாள் விடுமுறை அளித்தது. வங்கி மூடியிருந்தால் வியாபாரமும் ஓய்ந்துவிடும். அப்படியே அது எல்லோருக்கும் விடுமுறையாகிவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

புத்தாண்டு, புனித வெள்ளி, ஈஸ்டர் திங்கள், மே மாதத்தில் முதல் திங்களும் கடைசித் திங்களும், ஆகஸ்ட் கடைசித் திங்கள், டிசம்பர் 25, 26 ஆகியவை இங்கிலாந்தின் எட்டு நாள்கள். ஸ்காட்லாந்தில் ஈஸ்டர் திங்கள் இல்லை. ஜனவரி 2ஆம் தேதியும், நவம்பர் 30இல் வரும் புனித ஆண்ட்ரூ நாளும் உண்டு. ஆகஸ்டில் முதல் திங்கள்தான் விடுமுறை. வட அயர்லாந்தில் மார்ச் 17உம் ஜூலை 12உம் கூடுதல். விடுமுறை சனி, ஞாயிறில் விழுந்தால் அடுத்த வேலை நாளில் ஈடு கொடுத்துவிடுவார்கள்.

மருத்துவமனையிலும் முதியோர் இல்லத்திலும் வேலை செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேங்க் ஹாலிடே அன்று வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்ல சட்டப்படி தனி உரிமை எதுவும் கிடையாது. உங்கள் பணி ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பொது விடுமுறை இல்லை. ஆண்டு விடுப்பை ஆறு மாதம் முன்னதாகவே எழுதிக் கொடுத்துவிடுங்கள். கடைசி வாரத்தில் போய் நின்று கிடைக்கவில்லை என்று கண் கலங்கிய பிள்ளைகள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

கிறிஸ்துமஸ் அன்று ஊர் சுற்றிப் பார்க்கலாமா?

முடியாது. டிசம்பர் 25 அன்று ரயில் ஓடாது. லண்டனில் பாதாள ரயிலும் பஸ்ஸும்கூட நின்றுவிடும். பெரிய கடைகள் அன்று திறக்கக் கூடாது என்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டமே இருக்கிறது. ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைப்பவர்கள் 25ஆம் தேதி வந்து இறங்கும் விமான டிக்கெட் மலிவாக இருக்கிறதென்று எடுத்துவிடாதீர்கள். விமான நிலையத்திலிருந்து டாக்சிக்கே அந்த மிச்சம் போய்விடும். பாலும் அரிசியும் 23ஆம் தேதியே வாங்கி வையுங்கள்.

அப்படியென்றால் அன்று வீட்டுக்குள் என்னதான் செய்கிறார்கள்?

காலையில் குழந்தைகள் எழுந்தவுடன், கட்டிலின் ஓரத்தில் தொங்கவிட்ட காலுறைக்குள் கிறிஸ்துமஸ் தாத்தா என்ன வைத்திருக்கிறார் என்று பார்ப்பார்கள். ஓர் ஆரஞ்சுப் பழமும் தங்கத்தாள் சுற்றிய சாக்லேட் காசும் அதற்குள் இருப்பது பழைய வழக்கம். சிலர் தேவாலயம் போவார்கள். முந்தின இரவே நள்ளிரவுத் திருப்பலிக்குப் போனவர்கள் தூங்குவார்கள். பிறகு மரத்தடியில் குவித்திருக்கும் பரிசுகளை ஒவ்வொருவராகப் பிரிப்பார்கள்.

மரம் வைக்கும் வழக்கம் ஜெர்மனியிலிருந்து வந்தது. மூன்றாம் ஜார்ஜின் மனைவி சார்லட் அரசி 1800இல் வின்ட்சரில் ஒரு மரம் வைத்தார். ஆனாலும் சாதாரண வீடுகளுக்கு அது வந்தது 1848க்குப் பிறகுதான். அந்த ஆண்டு விக்டோரியா அரசியும் கணவர் ஆல்பர்ட்டும் பிள்ளைகளோடு மரத்தைச் சுற்றி நிற்கும் படத்தை ஒரு வாரப் பத்திரிகை வெளியிட்டது. பார்த்தவர்கள் எல்லாம் தங்கள் வீட்டிலும் மரம் வேண்டும் என்றார்கள். லண்டன் டிராஃபால்கர் சதுக்கத்தில் நிற்கும் பெரிய மரம், இரண்டாம் உலகப் போரில் செய்த உதவிக்கு நன்றியாக 1947 முதல் ஒவ்வோர் ஆண்டும் நார்வேயின் ஆஸ்லோ நகரம் அனுப்புவது.

நாளின் மையம் மதிய விருந்து. அடுப்பில் வாட்டிய வான்கோழி, உருளைக்கிழங்கு, கேரட், முளைக்கோஸ், சிறு இறைச்சித் துண்டுகள், எல்லாவற்றின் மேலும் ஊற்றச் சூடான குழம்பு. ஒவ்வொரு தட்டின் அருகிலும் வண்ணத்தாள் சுற்றிய ஒரு குழல் இருக்கும். அதுதான் கிராக்கர். டாம் ஸ்மித் என்ற லண்டன் மிட்டாய்க்காரர் 1840களில் கண்டுபிடித்தது. நீங்கள் ஒரு முனையையும் பக்கத்தில் இருப்பவர் மறுமுனையையும் பிடித்து இழுத்தால் 'படார்' என்று வெடிக்கும். உள்ளே ஒரு காகிதக் கிரீடம், ஒரு சின்னப் பொருள், ஒரு மொக்கை விடுகதை. கிரீடத்தை எல்லோரும் அணிந்துகொள்ள வேண்டும், தாத்தா பாட்டியும்தான். கூச்சப்பட்டுக் கழற்றி வைத்துவிடாதீர்கள்.

மூன்று மணிக்குத் தொலைக்காட்சியில் அரசரின் உரை. ஐந்தாம் ஜார்ஜ் 1932இல் சாண்ட்ரிங்கம் மாளிகையிலிருந்து வானொலியில் தொடங்கியது. 1957 முதல் தொலைக்காட்சியிலும் வருகிறது. அது முடிந்ததும் குளிர்காலச் சூரியன் மறைவதற்குள் ஒரு நடை போய்விட்டு வருவார்கள். அந்த நடையில் எதிரே வரும் முன்பின் தெரியாதவர்கள்கூட வாழ்த்துச் சொல்வார்கள். ஆண்டு முழுவதும் தலையசைப்போடு கடந்துபோகும் தெரு, அந்த ஒரு மணி நேரம் வாய்திறந்து பேசும். எனக்கு இந்த நாட்டில் மிகப் பிடித்த ஒரு மணி நேரம் அது.

நாங்கள் சைவம் / மாட்டிறைச்சி சாப்பிட மாட்டோம். கிறிஸ்துமஸ் இனிப்புகளைத் தைரியமாகச் சாப்பிடலாமா?

கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். கிறிஸ்துமஸ் புட்டிங்கிலும், உலர்பழம் வைத்த 'மின்ஸ் பை' என்ற சிறு பணியாரத்திலும் இறைச்சித் துண்டு இருக்காது. பழங்காலத்தில் மின்ஸ் பையில் இறைச்சியே போட்டார்கள், பெயர் அப்போதையது. இப்போது திராட்சை, ஆப்பிள், சர்க்கரை, மசாலாதான். ஆனால் பழைய செய்முறையில் சூயெட் என்ற மாட்டுக் கொழுப்பு சேரும். தாவரக் கொழுப்பில் செய்தவையும் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. பெட்டியில் சைவக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டிலும் பிராந்தி கலந்திருக்கலாம். புட்டிங்கின் மேல் பிராந்தியை ஊற்றி, விளக்கை அணைத்து, நீலச் சுடர் எரிய மேசைக்குக் கொண்டுவருவது சடங்கு.

அந்தப் புட்டிங்கை அன்று செய்வதில்லை. ஆங்கிலிக்கத் திருச்சபையில் திருவருகைக் காலத்துக்கு (கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரம்) முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஜெபம் 'கிளறிவிடும் ஆண்டவரே' என்ற பொருளில் தொடங்கும். மனதைக் கிளறச் சொன்ன ஜெபத்தை வீட்டுப் பெண்கள் மாவைக் கிளறும் நாளாக்கிக்கொண்டார்கள். வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு முறை கரண்டியைச் சுழற்றி மனதில் ஒன்றை வேண்டிக்கொள்வார்கள். மாவுக்குள் ஒரு வெள்ளிக் காசு போடுவதும் உண்டு. யார் துண்டில் வருகிறதோ அவருக்கு அதிர்ஷ்டம். ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் ஆவியில் வேகவைத்து, பிறகு நான்கைந்து வாரம் ஊறவிடுகிறார்கள். ஆவியில் வேகும் பண்டத்தை நம்மைவிட யார் நன்றாகப் புரிந்துகொள்ள முடியும்? எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி, நான் இட்லிப் பாத்திரத்தில் புட்டிங் வைத்ததைப் பார்த்துவிட்டு அதேபோல ஒன்று தனக்கும் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

வாழ்த்து அட்டை இவ்வளவு முக்கியமா? வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா?

மிக முக்கியம். கிறிஸ்துமஸ், பிறந்தநாள், திருமணம், குழந்தைப்பேறு, தேர்வில் தேறியது, புது வீடு, உடல்நலக் குறைவு, சாவு என்று எல்லாவற்றுக்கும் அட்டை உண்டு. நாம் நேரில் போய் நிற்பதையும் கைப்பிடித்துப் பேசுவதையும் எதற்கெல்லாம் செய்கிறோமோ, அதற்கெல்லாம் இவர்கள் அட்டை எழுதுகிறார்கள். முதலில் எனக்கு இது ஒட்டாத பழக்கமாகத் தெரிந்தது. பிறகு, அந்த ஒரு அட்டைக்குப் பின்னால் ஒருவர் என் பெயரை நாட்காட்டியில் குறித்து, கடைக்குப் போய்த் தேர்ந்தெடுத்து, கையால் எழுதி, தபால்தலை ஒட்டி, எனக்கு உரிய நாளில் வந்து சேரும்படி கணக்குப் போட்டிருக்கிறார் என்று புரிந்தபோது மனம் மாறிவிட்டது.

கிறிஸ்துமஸ் அட்டை தபாலோடு பிறந்தது. 1840இல் ஒரு பென்னிக்கு நாடெங்கும் கடிதம் அனுப்பும் முறை வந்தது. 1843இல் ஹென்றி கோல் என்பவர், எல்லோருக்கும் தனித்தனியே வாழ்த்து எழுத நேரமில்லாமல், ஜான் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் சொல்லி அட்டை அச்சிட்டார். அன்றைக்கு அதன் விலை ஒரு ஷில்லிங். உழைப்பாளிகளுக்குக் கட்டுப்படியாகாத தொகை.

பக்கத்து வீடுகளுக்கு டிசம்பர் முதல் இரண்டு வாரத்துக்குள், கதவில் தபால் போடும் துளை வழியாகப் போட்டுவிடுங்கள். தெரிந்த பெயர்களையெல்லாம் மேலே எழுதி, கீழே உங்கள் வீட்டார் பெயர்களையும் வீட்டு எண்ணையும் கையால் எழுதுங்கள். உங்கள் பெயர் அவர்களுக்கு இன்னும் நினைவில் நிற்காமல் இருக்கலாம். வந்த அட்டைகளைக் குப்பையில் போடாமல் கயிற்றில் கோத்தோ கணப்பின் மேல் வரிசையாகவோ வையுங்கள். அவர்கள் வந்தால் தங்கள் அட்டை எங்கே இருக்கிறது என்று கண் தேடும்.

கிறிஸ்துமஸ் விருந்துக்கு அழைத்திருக்கிறார்கள். எப்படிப் போக வேண்டும்?

இது பெரிய மரியாதை. அன்று பெரும்பாலும் சொந்தக் குடும்பத்தை மட்டுமே மேசையில் உட்கார வைப்பார்கள். சொன்ன நேரத்துக்குப் போங்கள். பத்து நிமிடம் தாமதிக்கலாம், அரைமணி தாமதித்தால் வான்கோழி உலர்ந்துவிடும். முன்னதாகப் போகவே கூடாது. எதைச் சாப்பிட மாட்டீர்கள் என்பதை அழைப்பை ஏற்கும்போதே சொல்லிவிடுங்கள். நமக்கு அது கேட்டுச் சாப்பிடும் அநாகரிகமாகப் படும்; இங்கே சொல்லாமல் வந்து தட்டை ஒதுக்குவதுதான் மனதை வருத்தும்.

கையில் பூங்கொத்தோ, நல்ல சாக்லேட் பெட்டியோ, அவர்கள் குடிப்பவர்கள் என்றால் ஒயினோ போதும். எங்கள் வீட்டு முறுக்கு எப்போதும் முதலில் தீர்ந்துவிடும் என்பதையும் சொல்லி வைக்கிறேன். ஒருமுறை வேண்டாம் என்றால் இரண்டாவது முறை உபசரிக்க மாட்டார்கள். பசித்தால் முதல் தடவையே 'ஆம்' என்று சொல்லிவிடுங்கள். நம் ஊர் நினைப்பில் மூன்று முறை மறுத்துவிட்டுப் பசியோடு வீடு திரும்பியவள் நான்.

அழைப்பு வராதவர்களைப் பற்றியும் எழுதியாக வேண்டும். தனியாக இருக்கும் முதியவர்களுக்கு ஆண்டிலேயே நீண்ட நாள் அது. பிள்ளைகள் தொலைவில், பஸ் இல்லை, கடை இல்லை. உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால் டிசம்பர் தொடக்கத்திலேயே, 'அன்று எங்களோடு சாப்பிட வருகிறீர்களா?' என்று கேளுங்கள். நமக்கு அது மதப் பண்டிகை இல்லையே என்ற தயக்கம் வேண்டாம். சாம்பார் சோறும் ஒரு கிராக்கரும் இருந்தாலே போதும். நாங்கள் பதினோரு ஆண்டுகளாக அப்படித்தான் வைத்துக்கொள்கிறோம்.

டிசம்பர் 26க்கு ஏன் பாக்சிங் டே என்று பெயர்?

குத்துச்சண்டைக்கும் அதற்கும் தொடர்பில்லை. பாக்ஸ் என்றால் இங்கே அன்பளிப்புப் பெட்டி. ஆண்டு முழுவதும் உழைத்த வேலையாள்கள், தொழில் பழகும் பிள்ளைகள், தபால்காரர் ஆகியோருக்கு முதலாளிகள் கிறிஸ்துமஸ் மறுநாள் காசோ பொருளோ கொடுத்தார்கள். நம் ஊர்த் தீபாவளி இனாம் மாதிரிதான். இப்போது அது மிச்சச் சாப்பாட்டுக்கும், கால்பந்துக்கும், கடைகளின் தள்ளுபடிக்கும், கிறிஸ்துமஸுக்குப் போகாத பக்கத்துச் சொந்தங்களைப் பார்ப்பதற்கும் உரிய நாள்.

அலங்காரங்களை எப்போது எடுக்க வேண்டும்?

ஜனவரி 5 அல்லது 6. அதற்குப் பிறகும் தொங்கவிட்டால் ஆகாது என்பது நம்பிக்கை.

ஸ்காட்லாந்தில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கேயும் இப்படித்தானா?

அங்கே புத்தாண்டுதான் பெரிது. சமயச் சீர்திருத்தத்துக்குப் பிறகு ஸ்காட்லாந்துத் திருச்சபை கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தை விரும்பவில்லை. 1640இல் அங்குள்ள நாடாளுமன்றம் அந்த விடுமுறையையே ஒழித்தது. கிறிஸ்துமஸ் அங்கே மீண்டும் பொது விடுமுறையானது 1958இல்தான். இத்தனை நூற்றாண்டு மகிழ்ச்சியும் டிசம்பர் 31 இரவுக்கு நகர்ந்துவிட்டது. அந்த இரவுக்கு ஹாக்மனே என்று பெயர்.

நள்ளிரவு மணி அடித்த பிறகு வீட்டுப் படியை முதலில் மிதிப்பவர் யார் என்பதில் ஆண்டின் நலம் இருக்கிறது என்பார்கள். உயரமான, கருமுடி ஆண் வந்தால் நல்லது. கையில் ஒரு துண்டு நிலக்கரி, வெண்ணெய்ப் பிஸ்கட், விஸ்கி. நிலக்கரி வீட்டில் சூடு குறையாதிருக்க. எடின்பரோவில் இருக்கும் என் அக்காள் மகனை அந்தத் தெருவே அன்று இரவு வீடு வீடாக அழைத்துப் போகிறது. பிறகு கைகோத்து நின்று, ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1788இல் எழுதிய 'ஆல்ட் லாங் சைன்' என்ற பாட்டைப் பாடுவார்கள். கடைசிச் சரணத்தில்தான் கைகளை மார்புக்குக் குறுக்கே மாற்றிக் கோக்க வேண்டும். இங்கிலாந்தில் பலரும் முதலிலேயே கோத்துவிடுகிறார்கள். அதே பர்ன்ஸின் பிறந்தநாளான ஜனவரி 25 அன்று, ஆட்டின் உள்ளுறுப்புகளையும் ஓட்ஸையும் சேர்த்து வேகவைத்த ஹாகிஸை வாத்திய இசையோடு கொண்டுவந்து, அதன் முன்னால் கவிதை சொல்லி, பிறகு வெட்டுவார்கள். கவிஞனுக்கு ஆண்டுதோறும் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் விழா எடுக்கும் மக்கள் எனக்கு மிகவும் நெருக்கமானவர்கள்.

ஈஸ்டர் சமயத்தில் பள்ளியில் தோசை போன்ற ஒன்றைப் பற்றிப் பேசுகிறார்களே?

அது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய செவ்வாய். நாற்பது நாள் தவக்காலத்தில் முட்டையும் பாலும் கொழுப்பும் கூடாது என்றிருந்தபோது, வீட்டில் மிச்சமிருந்தவற்றை ஒரே நாளில் தீர்க்க மெல்லிய பான்கேக் சுட்டார்கள். எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் தூவிச் சாப்பிடுவது இங்குள்ள பாணி. பக்கிங்ஹாம்ஷயரிலுள்ள ஓல்னி என்ற ஊரில் பெண்கள் வாணலியோடு ஓடும் பந்தயம் 1445இல் தொடங்கியது என்று அவ்வூரார் சொல்கிறார்கள்.

புனித வெள்ளியன்று சிலுவைக் குறியிட்ட மசாலா பன். ஈஸ்டர் ஞாயிறன்று குழந்தைகளுக்குச் சாக்லேட் முட்டை. பிரிஸ்டல் நகரின் ஃப்ரை நிறுவனம் 1873இல் இங்கே முதல் முட்டையைச் செய்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரிய கடைகள் அந்த ஞாயிறும் மூடியிருக்கும்.

அன்னையர் நாள் மார்ச்சில் வருகிறது. ஊரில் மே மாதம்தானே?

மே மாதம் வருவது அமெரிக்க வழக்கம். இந்தியா அதைத்தான் பின்பற்றுகிறது. இங்கே அது தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு, அதாவது ஈஸ்டருக்கு மூன்று வாரம் முன்பு. வீட்டு வேலைக்குப் போன பெண்பிள்ளைகளை அன்று தங்கள் தாயையும் பிறந்த ஊர்த் தேவாலயத்தையும் பார்த்து வர அனுப்பினார்கள். வழியில் பூப்பறித்துக்கொண்டு போனார்கள் என்பார்கள். பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் அவர்கள். அதை நினைக்காமல் அந்த நாளை என்னால் கடக்க முடிவதில்லை. உங்கள் அம்மாவுக்கு இரண்டு முறையும் தொலைபேசியில் பேசுங்கள்.

நவம்பர் 5 வாணவேடிக்கை தீபாவளிக்கா?

இல்லை, நாள்கள் அருகருகே வருவதால் நம் பிள்ளைகள் அப்படியே நினைத்து வளர்கிறார்கள். 1605இல் சில கத்தோலிக்கர்கள், அரசர் முதலாம் ஜேம்ஸ் நாடாளுமன்றத்தைத் தொடங்கி வைக்க வரும்போது கட்டடத்தோடு தகர்க்கத் திட்டமிட்டார்கள். ராபர்ட் கேட்ஸ்பி தலைவர். மேலவைக்கு அடியில் 36 பீப்பாய் வெடிமருந்தோடு கை ஃபாக்ஸ் பிடிபட்டார். அரசர் தப்பியதற்காக லண்டன் மக்கள் அன்றிரவே தீ மூட்டினார்கள். அதை ஆண்டுதோறும் கொண்டாடச் சட்டமும் வந்தது. சட்டம் 1859இல் நீங்கிவிட்டது, தீ மட்டும் அணையவில்லை.

கந்தலும் வைக்கோலும் திணித்த கை ஃபாக்ஸ் பொம்மையை நெருப்பின் மேல் வைப்பது பழைய வழக்கம். அவர் எங்களுக்குப் பக்கத்தில் யார்க் நகரில் பிறந்தவர். அவர் படித்த பள்ளியில் இன்றும் அந்தப் பொம்மையை எரிப்பதில்லை. தங்கள் பழைய மாணவனை எரிக்க மனம் வராத அந்தப் பள்ளியை நான் மதிக்கிறேன். எங்கள் பகுதியான யார்க்ஷயரில் அன்று ஓட்ஸும் இஞ்சியும் கரும்புப் பாகும் சேர்த்த பார்க்கின் என்ற கேக் உண்டு. சுக்கும் வெல்லமும் பழகிய நாக்குக்கு அது உடனே பிடிக்கும்.

சட்டம் இதுதான். தெருவிலோ பொது இடத்திலோ வெடிக்கக் கூடாது. சொந்தத் தோட்டத்தில் மட்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இரவு 11 மணிக்குள் முடிக்க வேண்டும். நவம்பர் 5 அன்று நள்ளிரவு வரையும், புத்தாண்டு, சீனப் புத்தாண்டு, தீபாவளி இரவுகளில் 1 மணி வரையும் அனுமதி. ஆம், தீபாவளி சட்டத்திலேயே இருக்கிறது. ஆனாலும் பக்கத்து வீட்டில் நாய் இருந்தால் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். விறகைக் குவித்து வைத்திருந்தால் பற்றவைக்கும் முன் உள்ளே முள்ளெலி படுத்திருக்கிறதா என்று பாருங்கள்; இலைக்குவியல் என்று நம்பி அது போய் உறங்கும்.

மகனைப் பிறந்தநாள் விழாவுக்கு அழைத்திருக்கிறார்கள். தங்கையையும் கூட்டிப் போகலாமா?

அழைப்பில் எந்தப் பெயர் இருக்கிறதோ அந்தக் குழந்தை மட்டும். கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள், ஆனால் கேட்க வேண்டும். எத்தனை குழந்தைகள் என்று எண்ணித்தான் இடத்துக்குப் பணம் கட்டியிருப்பார்கள். வருகிறோமா இல்லையா என்று குறித்த தேதிக்குள் பதில் சொல்லுங்கள். விழா பெரும்பாலும் இரண்டு மணி நேரம். முடியும் நேரமும் அழைப்பில் இருக்கும், அந்த நேரத்தில் போய்ப் பிள்ளையை அழைத்துவந்துவிட வேண்டும். கிளம்பும்போது கேக் துண்டும் சிறு பொம்மைகளும் உள்ள பை தருவார்கள். பரிசை அங்கேயே பிரிக்கவில்லை என்று வருந்தாதீர்கள். இரண்டு வாரம் கழித்து அந்தக் குழந்தையின் கோணல் கையெழுத்தில் நன்றிக் குறிப்பு வரும்.

நூறு வயதானால் அரசர் வாழ்த்து அனுப்புவாராமே?

உண்மைதான். ஐந்தாம் ஜார்ஜ் காலத்தில் 1917இல் தந்தியாகத் தொடங்கியது, இப்போது அட்டை. நூறாவது பிறந்தநாளுக்கும், அறுபதாம் ஆண்டு மணநாளுக்கும் வரும். இங்கே குடியேறி வயதான நம்மவர் வீடுகளிலும் அந்த அட்டையைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள்.

வெள்ளைக்காரத் தோழியின் திருமணம். என்ன உடுத்துவது, எவ்வளவு மொய் வைப்பது?

பட்டுப்புடவை உடுத்துங்கள், மகிழ்ந்துபோவார்கள். வெள்ளை, சந்தன வெள்ளை மட்டும் வேண்டாம். அது மணப்பெண்ணின் நிறம். விக்டோரியா 1840இல் வெள்ளை உடுத்தி மணந்தபின் அது நிலைத்துவிட்டது. மணப்பெண் 'பழையது ஒன்று, புதியது ஒன்று, இரவல் ஒன்று, நீலம் ஒன்று' அணிவார். அந்தப் பழம்பாட்டின் கடைசி அடிப்படி காலணிக்குள் ஆறு பென்ஸ் காசு வைப்பவரும் உண்டு.

அழைப்பிதழை இரண்டு முறை படியுங்கள். பகல் விருந்தினர் என்றால் சடங்கு, சாப்பாடு, எல்லாம். மாலை விருந்தினர் என்றால் ஆட்டத்துக்கும் கேக்குக்கும் மட்டும். அதில் அவமதிப்பு எதுவும் இல்லை, இருக்கை கணக்குதான். குழந்தைகள் பெயர் இல்லையென்றால் குழந்தைகளுக்கு அழைப்பில்லை. ஊரையே அழைத்துப் பந்தி போடும் நமக்கு இது கசக்கும். தலைக்கு இவ்வளவு என்று மணமக்களே பெரும்பாலும் சொந்தப் பணத்தில் கட்டுகிறார்கள் என்று தெரிந்தபோது என் கோபம் தணிந்தது.

மொய் எழுதும் மேசை இருக்காது. வேண்டிய பொருள்களின் பட்டியலை முன்பே அனுப்புவார்கள், அல்லது தேனிலவுச் செலவுக்குப் பணம் தரலாம் என்று குறிப்பிடுவார்கள். அட்டைக்குள் வைத்துக் கொடுங்கள். எவ்வளவு என்று யாரும் அறிவிக்க மாட்டார்கள். சாப்பாட்டுக்குப் பின் பெண்ணின் தந்தை, மணமகன், மாப்பிள்ளைத் தோழன் மூவரும் பேசுவது வழக்கம். தோழன் மணமகனைக் கேலி செய்துவிட்டுக் கடைசியில் குரல் தழுதழுப்பார். திருச்சபையில் நடப்பதானால் அதற்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசித்திருப்பார்கள் (திருமணத்தைச் சபையில் அறிவிப்பது), நம் ஊர்த் தேவாலயங்களில் போலவே.

இங்கே மணம் செய்யும் நம்மவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கோயிலில் தாலி கட்டியதாலேயே சட்டப்படி திருமணம் ஆகிவிடாது. அந்தக் கோயில் திருமணத்துக்குப் பதிவு பெற்றிருக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் பதிவகத்தில் தனியாகச் செய்ய வேண்டும், அதற்கு 28 நாள் முன்னறிவிப்பு உண்டு.

குழந்தை பிறந்தால் எப்போது போய்ப் பார்ப்பது?

அழைக்கும் வரை போகாதீர்கள். அட்டை உடனே அனுப்புங்கள். ஞானஸ்நானத்துக்கு அழைத்தால் வெள்ளிக் கரண்டி, புத்தகம் போன்ற நெடுநாள் நிற்கும் பரிசு பொருத்தம்.

பக்கத்து வீட்டில் ஒருவர் இறந்துவிட்டார். உடனே போக வேண்டாமா?

நம் கால் தானாகவே அந்த வாசலுக்குப் போகும். இங்கே உடல் வீட்டில் இருக்காது, வாசலில் நாற்காலி போட்டிருக்க மாட்டார்கள். அடக்கமோ தகனமோ இரண்டு, மூன்று வாரம் கழித்துத்தான் நடக்கும். முதலில் இரங்கல் அட்டை. இறந்தவரைப் பற்றி உங்களுக்கு நினைவிருக்கும் ஒரே ஒரு சிறு விஷயத்தை அதில் எழுதுங்கள். அவர் உங்கள் குப்பைத்தொட்டியை உள்ளே இழுத்து வைத்ததாக இருந்தாலும் சரி. அந்த வரிகளைத் திரும்பத் திரும்பப் படிப்பார்கள். இறுதிச் சடங்குக்கு இருண்ட நிற உடையில் போங்கள். நம்மைப்போல வெள்ளை உடுத்தினாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பூ வேண்டாம், நன்கொடை போதும் என்று அறிவித்திருந்தால் அப்படியே செய்யுங்கள். முடிந்தபின் தேநீரும் சாண்ட்விச்சுமாக ஒரு கூடுகை உண்டு. அங்கே சிரிப்புச் சத்தம் கேட்டால் திகைக்காதீர்கள்.

இறுதிச் சடங்கு முடிந்தபின் எல்லோரும் விலகிவிடுகிறார்கள். நாம் போக வேண்டிய நேரம் அதுதான். பதினாறாம் நாள் வீட்டில் ஆளிருப்பது ஏன் என்று நமக்குத் தெரியும். ஒருமுறை அப்படி ஒரு வீட்டுக்கு நான் ஒரு கிண்ணம் ரசத்தோடு போய், ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வந்தேன். அந்த வீட்டுப் பெண்மணி மறுவாரம் தானே கதவைத் தட்டினார்.

இவர்களை நம் வீட்டுத் தீபாவளிக்கு எப்படி அழைப்பது?

'ஒருநாள் வாங்க' என்றால் வரமாட்டார்கள். அதை வெறும் உபசார வார்த்தை என்று எடுத்துக்கொள்வார்கள். தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம் மூன்றையும் ஒரு அட்டையில் எழுதி மூன்று வாரம் முன்பே கதவுத் துளையில் போடுங்கள். ஒத்துக்கொள்ளாத உணவு உண்டா என்று கேளுங்கள். ஐந்து மணி என்று எழுதினால் ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்கு வாசலில் நிற்பார்கள், அதற்குள் நீங்கள் தலை வாரியிருக்க வேண்டும். 'ஆன்ட்டி' என்று அழைக்காமல் பெயர் சொல்லி அழையுங்கள்; எண்பது வயதுப் பாட்டியும் அதைத்தான் விரும்புவார். எனக்கு அந்தப் பழக்கம் வர ஆறு ஆண்டுகள் ஆயின. செருப்பைக் கழற்றும் வீடு இது என்பதையும் அட்டையிலேயே எழுதிவிடுங்கள். காலுறையில் ஓட்டை இருந்தால் மாற்றிக்கொண்டு வர அவர்களுக்கு வசதியாக இருக்கும்.